நூல் அறுந்தால் தறி நிற்கும்... பட்டன் காணோம்னா டெஸ்ட் நிற்குமா? 'இஃப்' கண்டிஷன் பற்றி ஓர் எளிய விளக்கம்

வெள்ளகோவில் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். நாடா இடமும் வலமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஊடை நூல் அறுந்தால், அதைத் தொட்டு உணரும் முள்கரண்டி போன்ற சின்ன பாகம் தறியை நிறுத்திவிடும். 'நூல் இருந்தால் ஓடு, இல்லாட்டி நில்லு'. அவ்வளவுதான் விஷயம். சாஃப்ட்வேரில் இதைத்தான் 'இஃப்' கண்டிஷன் என்கிறார்கள்.

ஆட்டோமேஷன் டெஸ்ட் என்றால் என்ன?

ஒரு வெப்சைட்டில் ஆள் உட்கார்ந்து செய்யும் வேலையை, ஒரு புரோகிராமே செய்து சரிபார்ப்பதுதான் ஆட்டோமேஷன் டெஸ்ட். இதற்குப் பெரிதும் பயன்படும் செலினியம், 2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கியது.

'இஃப்' எதற்கு?

பெட்ஷீட் விற்கும் ஓர் ஆன்லைன் கடை என்று வைத்துக்கொள்வோம். லாகின் செய், பொருளைக் கூடையில் போடு, பணம் கட்டு, ஆர்டர் எண் வந்ததா பார். இவைதான் ஸ்டெப்கள். சில நாள் மட்டும் நடுவில் ஆஃபர் பாப்-அப் வரும். 'பாப்-அப்பை மூடு' என்று மட்டும் எழுதினால், அது வராத நாளில் டெஸ்ட் வீணாக ஃபெயில் ஆகும். 'வந்தால் மூடு, வராவிட்டால் அடுத்த ஸ்டெப்புக்குப் போ' என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

செலினியம் ஐடிஇ-யில் இதற்குத் தனிக் கட்டளைகள் உண்டு. ரோபோட் ஃப்ரேம்வொர்க்கில் 'இஃப் - எல்ஸ்' வசதி 2021-ல் வந்த 4.0 பதிப்பில் சேர்ந்தது.

சிக்கல் எங்கே?

இதே பழக்கத்தில், 'பணம் கட்டும் பட்டன் இருந்தால் அழுத்து, இல்லாவிட்டால் விட்டுவிடு' என்று எழுதினால்? பட்டன் நிஜமாகவே காணாமல் போனாலும் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. நூல் அறுந்த பிறகும் ஓடும் தறி மாதிரி, சத்தம் வரும், துணி வராது. கடைசியில் பிழையைக் கண்டுபிடிப்பது வாடிக்கையாளர்தான்.

இன்னொன்று, நேரம். புரோகிராம் பார்த்த அரை நொடி கழித்துப் பாப்-அப் வந்தால், அது 'இல்லை' என்று முடிவு செய்து நகர்ந்துவிடும். இன்று பாஸ், நாளை ஃபெயில் என்று காரணமே புரியாமல் முடிவு மாறும். இதைத்தான் 'ஃப்ளேக்கி டெஸ்ட்' என்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

* முடிந்தவரை நிலைமையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். டெஸ்ட் ஓடும்போது ஆஃபரை ஆஃப் செய்துவிட்டால் 'இஃப்' தேவையே இல்லை.
* ஆஃபர் உள்ள நாளுக்கு ஒன்று, இல்லாத நாளுக்கு ஒன்று எனத் தனித்தனி டெஸ்ட் எழுதலாம்.
* மொபைலா, கம்ப்யூட்டரா என்பது போல, ஓட ஆரம்பிக்கும் முன்பே உறுதியாகத் தெரிந்த விஷயத்துக்கு 'இஃப்' வைப்பதில் ஆபத்து குறைவு.
* ஒரு டெஸ்ட்டைத் தாண்ட வேண்டுமென்றால் காரணத்தோடு 'ஸ்கிப்' என்று பதிவாகட்டும். பைடெஸ்ட் கருவியில் 'ஸ்கிப்இஃப்' இதற்காகவே இருக்கிறது.

'இஃப்' எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பொருள் திரையில் இல்லையென்றால் அது சகஜமா, பிழையா? சகஜம் என்றால் தாண்டலாம். பிழை என்றால் டெஸ்ட் அங்கேயே நிற்க வேண்டும்.