கட்-ஆஃப் கணக்கு நீங்களே போடலாம்

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் “மொத்தம் எவ்வளவு?” என்றுதான் கேட்பாங்க. ஆனால் பொறியியல் கலந்தாய்வுக்குத் தேவை கட்-ஆஃப்.

கணிதம் 100-க்கு, இயற்பியல், வேதியியல் பாதியாகி தலா 50-க்கு. ஆக 200. நன்னிலம் மாணவி ஒருவர் கணிதம் 90, இயற்பியல் 84, வேதியியல் 88 எடுத்தால், 90+42+44=176.

கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்ததே ஒரு விருப்பம். செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரி முதல் ஆசை, திருக்குவளை அடுத்தது என்றால் அதே வரிசையில் போடுங்க. முதலாவது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பாங்க. மேலே எழுதியதால் கீழே உள்ளது கைநழுவாது. ஆனால் இரண்டோடு நிறுத்தாதீங்க. இரண்டுமே கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றில் இடமில்லை.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்க. ஓடிபியை யாரிடமும் கொடுக்காமல், பட்டியலை நீங்களே நிரப்புங்க.