பயனும் பரிவும்

பண்டைக் கிரேக்க மொழியில் 'கிரேஸ்தொதேஸ்' என்றொரு சொல் உண்டு. பவுல் கலாத்தியருக்கு வரைந்த கடிதத்தில் வரும் இச்சொல்லைப் பழைய தமிழ் விவிலியம் 'தயவு' என மொழிபெயர்க்கிறது. பொருத்தமான சொல்தான், ஆயினும் அதன் வேர் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. பயன்படுத்துதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது அது. 'கிரேஸ்தொஸ்' என்றால் முதலில் பயனுள்ளது. பிறகே நல்லது, இனியது, அன்புடையது. அடிமைகளுக்கும் இப்பெயரை இட்டு வழங்கினர். ஆண்டையின் கண்ணுக்கு நல்லவன் என்பவன் பயன்படுபவன்தானே!

அப்படியானால், பயன் தீர்ந்தவர்பால் இத்தயவு செல்லுமா? கி.பி. முதல் நூற்றாண்டில் கெரோனியா என்னும் ஊரில் பிறந்த புளூட்டார்க், ரோமாபுரிப் பெருமகன் கேட்டோவின் வரலாற்றை எழுதுகையில் இவ்வினாவை எதிர்கொள்கிறார். கேட்டோ (கி.மு. 234–149) சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவர். தாம் எழுதிய உழவு நூலில், விற்றுவிட வேண்டியவற்றின் வரிசையில் கிழ எருது, பழைய வண்டி, பழைய இரும்புக் கருவி ஆகியவற்றோடு முதிய அடிமையையும் நோயுற்ற அடிமையையும் சேர்த்திருக்கிறார்.

புளூட்டார்க்குக்கு இது பொறுக்கவில்லை. நீதி மனிதரோடு நின்றுவிடும். 'கிரேஸ்தொதேஸ்' அதனினும் அகன்றது, ஊற்றுநீர்போல் விலங்குகள்மீதும் பாயும் என்கிறார். தளர்ந்த குதிரைக்குத் தீனியிடுவதும், நாயை அதன் மூப்பிலும் பேணுவதும் நல்லவன் கடமையாம். தமக்கு உழைத்த எருதையே மூப்பைக் காட்டி விற்க அவருக்கு மனமில்லை; மனிதனை விற்பது எங்ஙனம்? அவரும் அடிமை முறையை அறவே மறுத்தவரல்லர் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும், பயன் என்ற வேரில் கிளைத்த சொல்லையே பயன் தீர்ந்தவருக்காக வழக்காட அழைத்தாரே, அந்த இடம் எனக்கு மிகவும் உவப்பானது.

அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று ஏதென்ஸ் நகரத்துக் கோவேறு கழுதை. கி.மு. 447-இல் தொடங்கிய பார்த்தினன் கோயில் வேலையில் நெடிது உழைத்த கழுதைகளை, இனி மேய்ந்து திரியட்டும் என்று அவிழ்த்துவிட்டனர். ஒன்று மட்டும் தானாகவே திரும்பி வந்து, பாரமிழுக்கும் விலங்குகளின் முன்னே நடந்து, அவற்றை ஊக்குவதுபோல் குன்றேறிற்று. அது சாகுமட்டும் பொதுச் செலவில் தீனியிட மக்கள் தீர்மானித்தனர். அரிஸ்டாட்டிலும் இச்செய்தியை அறிந்திருக்கிறார். அக்கழுதை தானியத் தட்டில் வாய் வைத்தால் வணிகர் விரட்டலாகாது என ஆணை பிறந்ததாகத் தம் விலங்கு நூலில் அவர் குறித்துவைத்துள்ளார்.