குதிரை நடையும் குழந்தையின் நிமிர்வும்

கோயமுத்தூருக்கு மேற்கே, தமிழ்நாடு முடிந்து பாலக்காடு மாவட்டம் தொடங்குமிடத்தில் வேலந்தாவளம் உள்ளது. காய்கறிச் சந்தைக்கும் சோதனைச் சாவடிக்கும் பெயர் பெற்ற ஊர். கேரளத்தில் இருந்தாலும் தெருவில் தமிழே மிகுதியாகக் கேட்கும். அவ்வட்டாரத்தாருக்குக் குதிரை புதிதன்று. அருகிலுள்ள தத்தமங்கலத்தில் கோயில் திருவிழாவையொட்டிக் குதிரையோட்டம் நடைபெறும். கொங்கு நாட்டில் அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையை அறியாதார் இல்லை. ஆனால் அங்கெல்லாம் குதிரைக்கு மதிப்பு ஓட்டத்தால் வருவது. அதன் மெதுவான நடையே மருந்தாகும் என்பதை நம்மவர் பலர் அறியார்.

இச்சிகிச்சைக்கு 'ஹிப்போதெரபி' என்று பெயர். இச்சொல்லை முதன்முதலில் மொழிபெயர்க்க நேர்ந்தபோது எனக்கு நீர்யானைதான் நினைவுக்கு வந்தது! கிரேக்க மொழியில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. நீர்யானையை அவர்கள் ஆற்றுக்குதிரை என்றழைத்தனர்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது. மனிதன் நடக்கையில் இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இவ்வாறே. மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத குழந்தை குதிரைமேல் அமரும்போது, நடையின் அசைவை அதன் இடுப்பு உணர்கிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 அடிகள்; ஒவ்வோர் அடிக்கும் சாயாமலிருக்க உடலின் நடுப்பகுதித் தசைகள் முயல வேண்டும். எந்த நாற்காலியும் இப்பயிற்சியைத் தராது.

இம்முறை பரவுவதற்குத் தூண்டுகோலானவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் அம்மையார். 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் பிறர் துணை வேண்டியிருந்தது. எனினும் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆடவருடன் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். அதைக் கண்டபின் ஐரோப்பாவில் சிகிச்சைச் சவாரி நிலையங்கள் தோன்றின. 1969இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கெனச் சங்கங்கள் அமைந்தன. நம் நாட்டில் பெங்களூர், சென்னை முதலிய நகரங்களிலும் இப்பயிற்சி கிடைக்கிறது.

இது நோயைத் தீர்த்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பற்க. உட்காரும் நிலையும் சமநிலையும் சீர்படக்கூடும் என்பதே ஆய்வுகள் காட்டுவது. பத்து நிமிடம் சாயாமல் உட்கார்ந்து தானே சோறுண்ணும் குழந்தையைக் கண்ட தாய்க்கு அது சிறிய செய்தியன்று.

பெங்களூரிலோ பிற நகரிலோ வாழும் பெற்றோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். இடுப்பு மூட்டு நழுவியவர்க்கும், அடங்காத வலிப்புள்ளவர்க்கும், டவுன் நோய்க்குறியோடு கழுத்தெலும்பு உறுதியற்றவர்க்கும் இது ஆகாது. குதிரையை நடத்த ஒருவர், குழந்தையின் இருபுறமும் துணையாக இருவர் உண்டா என்றும் பாருங்கள். பந்தயத்தில் பரிசு வாங்கும் துடிப்பான குதிரை இதற்கு உதவாது. சத்தத்திற்கு மிரளாத, நிதானமான குதிரையே ஏற்றது.