சமைத்தவரும் பந்தியில் உட்கார ஓர் இறால் சம்பல்

விருந்தாளிகள் சாப்பிட்டு, கை கழுவி, கூடத்தில் கதை பேசத் தொடங்கிய பிறகு, சமையலறையில் நின்றபடியே மிச்சத்தைத் தட்டில் போட்டுச் சாப்பிடும் ஒருவர் நம் வீடுகளில் எப்போதும் இருப்பார். பெரும்பாலும் அது அம்மா. இல்லையென்றால் அக்கா, அண்ணி. "நீங்களும் உட்காருங்களேன்" என்று விருந்தாளி நாலு முறை சொல்வார். "இதோ வந்துட்டேன்" என்று பதில் மட்டும் வரும்; ஆள் வரமாட்டார்.

இப்போது இளம் குடும்பங்களில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறார்கள். நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேரவே இரவு ஏழரை, எட்டு ஆகிவிடுகிறது. நண்பர்களை வீட்டுக்கு அழைக்க ஆசை இருந்தாலும், அம்மா அடுப்படியில் நின்ற நிற்பு நினைவுக்கு வந்ததும், "வெளியிலேயே சாப்பிடலாமே" என்று முடிவாகிவிடுகிறது. வெளியில் சாப்பிடுவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் உணவகத்தில் நம் மேசை காலியாக வேண்டும் என்று இன்னொரு குடும்பம் காத்திருக்கும். சாப்பிட்ட தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, நேரம் போவது தெரியாமல் பேசுவதற்கு வீடுதான் தோது.

அதற்குச் சமையலை விட்டுவிட வேண்டியதில்லை. சமைப்பவரை அடுப்போடு கட்டிப்போடாத ஒரு பதார்த்தத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். காரசாரமான இறால் சம்பல் அப்படிப்பட்டது. அதன் நீண்ட வேலை முழுவதையும் முதல் நாளே முடித்துவிடலாம். விருந்தாளி வந்த பிறகு மிஞ்சுவது பத்து நிமிட வேலை. அதில் இறாலுக்கு மூன்று, நான்கு நிமிடங்களே போதும்.

ஏன் இறால்?

ஆட்டிறைச்சி வேக ஒரு மணி நேரமாவது ஆகும். கோழிக்கும் அரை மணி நேரம் வேண்டும். இறாலின் தசை மெல்லியது. சூடு பட்டதும் வெந்துவிடும். சாம்பல் நிறத்தில் இருந்தது கண்ணெதிரே செம்மஞ்சளாக மாறும். அந்தச் சிவப்பு நிறமி இறாலுக்குள் முன்பே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கும். சூட்டில் அந்தப் புரதம் சிதைந்ததும் நிறம் வெளிப்படுகிறது.

வெந்ததை நிறத்தைப் பார்த்தும், வடிவத்தைப் பார்த்தும் சொல்லிவிடலாம். இறால் பிறை போல வளைந்து, அதன் சதை கண்ணாடித் தன்மை போய் வெண்மையானால் பதம் சரி. வளையம் போல இறுகச் சுருண்டுவிட்டால் பதம் தாண்டிவிட்டது. தசை சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும், மென்றால் ரப்பர்தான். நம் வீடுகளில் இறால் கடினமாகப் போவதற்கு முக்கியக் காரணம், அதையும் கறி போல நினைத்துக் கால்மணி நேரம் கொதிக்க விடுவதுதான். சம்பல் எவ்வளவு நேரம் வதங்கினாலும் தாங்கும். இறால் தாங்காது. அதனால் இரண்டையும் தனித்தனி நாளில் செய்வதே நல்லது.

சந்தையில் கவனிக்க வேண்டியவை

காலையில் பாசாருக்குப் போக முடிந்தால் தலையோடு இருக்கும் இறாலை வாங்குங்கள். தலை உடலோடு உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். ஓடு பளபளக்க வேண்டும். கடல் வாசனைதான் வர வேண்டும். அமோனியா போல மூக்கில் ஏறும் நாற்றம் வந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இறாலின் செரிமான உறுப்பு தலைக்குள் இருக்கிறது. இறந்த பிறகு அங்குள்ள நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்குவதால்தான் தலை முதலில் தளர்ந்து தொங்குகிறது. வாங்கியதும் ஐஸ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரில் வைத்துக்கொண்டு வேறு கடைகளுக்குச் சுற்ற வேண்டாம்.

தலையையும் ஓட்டையும் நீக்கினால் 1 கிலோ இறாலில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். நடுத்தர அளவு இறாலானால், ஆறு பேருக்கு 1 கிலோ போதும். ஆளுக்கு ஏழெட்டு இறால் கிடைக்கும்.

வேலை நாளில் பாசாருக்குப் போக முடியாதவர்களுக்குப் பேரங்காடியில் கிடைக்கும் உறைந்த இறாலே போதும். பையின் மேல் 31/40 போன்ற எண்கள் இருக்கும். பொதுவாக அது ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் எடையில் எத்தனை இறால் இருக்கும் என்பதைக் காட்டும். எண் குறையக் குறைய இறால் பெரிது. முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், நீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். வெந்நீரில் போட்டால் வெளிப்புறம் பாதி வெந்து, நடுவில் பனிக்கட்டி அப்படியே இருக்கும்.

முதல் நாள் இரவு: சம்பல்

தேவையான பொருள்கள் (6 பேருக்கு):
காய்ந்த மிளகாய் – 20
சின்ன வெங்காயம் – 15
பூண்டு – 6 பல்
இஞ்சி – ஒரு விரற்கடை
பெலாச்சான் – 1 தேக்கரண்டி அளவுத் துண்டு
எண்ணெய் – அரை கப்
புளி – சிறிய எலுமிச்சை அளவு, அரை கப் நீரில் கரைத்தது
குலா மெலாக்கா அல்லது சீனி – 1 மேசைக்கரண்டி
உப்பு – தேவைக்கு

மிளகாயைக் கிள்ளி விதைகளை உதறிவிட்டு, வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவையுங்கள். விதையை நீக்கினால் காரம் சற்றுத் தணியும். சம்பலின் நிறமும் நன்றாக வரும். பெலாச்சானை வெறும் சட்டியில் வாட்டி எடுங்கள். அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்தால் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விடும். அதற்காகவே இந்த வேலையை முதல் நாள் வைத்துக்கொள்வது நல்லது. விருந்தாளி வரும்போது வீட்டில் அந்த வாடை இருக்காது.

மிளகாய், வெங்காயம், பூண்டு, இஞ்சி, பெலாச்சான் எல்லாவற்றையும் பிளெண்டரில் விழுதாக அரையுங்கள். குவாலியில் எண்ணெய் காய்ந்ததும் விழுதைப் போட்டு, மிதமான தீயில் அடிக்கடி கிளறுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் பச்சை மிளகாய் வாடை போகாது. விழுது கருஞ்சிவப்பாகி, எண்ணெய் பிரிந்து ஓரங்களில் மிதக்க வேண்டும். மலாய்க்காரர்கள் "பெச்சா மிஞாக்" என்று சொல்வது இந்தப் பதத்தைத்தான். பிறகு புளிக்கரைசல், குலா மெலாக்கா, உப்பு சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு இறக்குங்கள். ஆறியதும் மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். மூன்று நாள் வரை தாங்கும்.

அதே இரவில் இறாலையும் சுத்தம் செய்துவிடலாம். முதுகில் ஓடும் கறுப்புக் கோடு நரம்பு அல்ல, குடல். முதுகைக் கத்தியால் மெல்லக் கீறினால் வந்துவிடும். தலைகளையும் ஓடுகளையும் வீசிவிடாதீர்கள். ஒரு கரண்டி எண்ணெயில் அவற்றைச் சிவக்க வறுத்து, இரண்டு கப் தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறியதும் குளிரில் வையுங்கள். மறுநாள் சம்பலைத் தளர்த்த வெறும் தண்ணீருக்குப் பதில் இந்தச் சாற்றை ஊற்றினால் சுவை இரட்டிப்பாகும்.

விருந்தாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி

அழைக்கும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "இறால் ஒத்துக்கொள்ளுமா?" சிலருக்கு இறால், நண்டு ஒவ்வாமை கடுமையாக இருக்கும். உதடு வீங்குவது, உடல் தடிப்பது மட்டுமல்ல, மூச்சுத் திணறலும் ஏற்படலாம். இதற்குக் காரணமான புரதம் சூட்டுக்கு அழியாதது. "நல்லா வேக வெச்சாச்சு, ஒண்ணும் ஆகாது" என்ற சமாதானம் செல்லாது. இறாலை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வதும் ஆபத்துதான். பெலாச்சானே சின்னஞ்சிறு கெராகாவ் இறாலை உப்பிட்டு, காயவைத்து, நொதிக்க விட்டுச் செய்வது. அப்படிப்பட்டவர் வருவதாக இருந்தால் அன்றைக்கு இறாலையே விட்டுவிட்டுக் கோழிக்கு மாறிவிடுங்கள். ஒரே சமையலறையில் இரண்டையும் கரண்டி கலக்காமல் செய்வது எளிதல்ல.

நாள் பார்ப்பதும் முக்கியம். வெள்ளிக்கிழமை நம்மில் பலர் சைவம். புரட்டாசியில் மாதம் முழுக்கச் சைவமாக இருப்பவர்களும் உண்டு. சனிக்கிழமை இரவு என்றாலும், அன்றும் விரதம் இருப்பவர்கள் உண்டு என்பதால் கேட்டுவிடுவது நல்லது.

அலுவலக நண்பர்கள் வருவதாக இருந்தால் இறாலுக்கு இன்னொரு வசதி உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாத இந்து, சீன நண்பர்கள் இதைத் தயங்காமல் சாப்பிடலாம். முஸ்லிம் நண்பருக்கு அறுப்பு முறை பற்றிய கேள்வி எழாது. ஆனால் சோஸ் சேர்த்தால் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பாத்திரத்தில் சமைத்தீர்கள் என்று கேட்க அவர் கூச்சப்படலாம். நீங்களே சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

விருந்து நாள்: கடைசி பத்து நிமிடம்

வீட்டுக்கு வந்ததும் ரைஸ் குக்கரில் சோறு வையுங்கள். இரண்டு பெரிய வெங்காயம், இரண்டு தக்காளி நறுக்கி, இரண்டு கொத்துக் கறிவேப்பிலையை உருவி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி ஒன்று செய்யுங்கள். இது வெறும் தொட்டுக்கொள்ளும் அலங்காரம் அல்ல. மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். காரம் ஏறிவிட்டால் ஐஸ் தண்ணீரைவிட இரண்டு கரண்டி தயிர் விரைவாக ஆற்றும். பிள்ளைகள் வருவதாக இருந்தால், கொஞ்சம் இறாலை மஞ்சளும் மிளகும் உப்பும் போட்டுத் தனியே வதக்கிக் கொடுங்கள். அப்பளம் பொரித்தால் விருந்து நிறைந்துவிடும்.

விருந்தாளி செருப்பைக் கழற்றிய பிறகே இறால் குவாலிக்குள் போக வேண்டும். அவர்கள் நெரிசலில் மாட்டி அரை மணி நேரம் தாமதமானாலும் கவலை இல்லை. இறால் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். முன்கூட்டியே சமைத்து மறுபடி சூடாக்கினால்தான் கெட்டுப்போகும்.

வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை, வெங்காயம் வதக்கி, தக்காளி சேர்த்து, சம்பலைக் கொட்டுங்கள். ஓட்டுச்சாறு கால் கப் ஊற்றி நன்றாகக் கொதிக்கட்டும். இப்போது உப்பும் மஞ்சளும் பிசறிய இறாலைப் போட்டுத் தீயைக் கூட்டி, மூன்று நிமிடம் புரட்டுங்கள். எல்லாம் பிறையாக வளைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். குவாலியின் சூடே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். லீமாவ் கஸ்தூரி இரண்டைப் பிழிந்து, உடனே பரிமாறும் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

இந்தப் பாத்திரத்தில் நம் ஊரே இருக்கிறது. பெலாச்சான் மலாய்க் கடற்கரையிலிருந்து வந்தது. கறிவேப்பிலை நம் முன்னோர் கொண்டுவந்தது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர்தான் அந்த நூற்றாண்டில் அதை ஆசியாவில் பரப்பினார்கள். எங்கிருந்தோ வந்தவை எல்லாம் ஒரே சட்டியில் பொருந்திப் போயிருக்கின்றன. மேசையைச் சுற்றி உட்காருபவர்களும் அப்படித்தானே!

சோற்றையும் சம்பலையும் பச்சடியையும் மேசையின் நடுவில் வைத்துவிடுங்கள். அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். பாத்திரம் கழுவும் வேலை காலையில் இருவருமாகப் பார்த்துக்கொள்ளலாம். தட்டுகளை எண்ணி வைக்கும்போது, விருந்தாளி ஆறு பேர் என்றால் ஆறு தட்டோடு நிறுத்தாமல் வீட்டில் உள்ளவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். உங்கள் அம்மா அன்று வீட்டில் இருந்தால், முதல் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போடுங்கள். "இதோ வந்துட்டேன்" என்று சொல்ல இந்த முறை அவருக்குக் காரணம் இருக்காது.