எண்ணெய்ச் சட்டியை இறக்கினேன், ருசியை இறக்கவில்லை!

மாலை நாலரை மணி ஆகிவிட்டால் நம் வீடுகளில் ஒரே கேள்விதான். "அம்மா, திங்க என்ன இருக்கு?" பள்ளிக்கூடப் பையை முதுகிலிருந்து இறக்குவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். அரை மணி கழித்து அலுவலகத்திலிருந்து வருகிறவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டாரே தவிர, சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டி மோப்பம் பிடிப்பார். கேள்வி அதேதான்!

எங்களுக்குச் சேலம். தட்டுவடை செட்டும் நொறுக்கலும் தெருவுக்குத் தெரு மணக்கிற ஊர். இந்த ஊரில் வளர்ந்த நாக்குக்கு மாலையில் மொறுமொறுவென்று ஏதாவது வேண்டும். எங்கள் வீட்டிலும் வாரத்தில் நாலு நாள் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். பஜ்ஜி, போண்டா, பருப்பு வடை என்று மாற்றி மாற்றிச் செய்வேன். 'நம் கையால் செய்கிறோம், சுத்தமாகச் செய்கிறோம்' என்ற பெருமை வேறு!

அந்தப் பெருமையில் ஒரு நாள் மண் விழுந்தது. என் வீட்டுக்காரருக்கு 43 வயது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தமும் கூடுதல். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "பொரிச்சதைக் குறைங்க, உப்பைக் குறைங்க, தினமும் நடங்க" என்றார். என் மாமனார் 54 வயதில் மாரடைப்பில் போனவர். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஒரேயடியாக நிறுத்தினேன்; தோற்றேன்

மறுநாளே எண்ணெய்ச் சட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். மாலையில் உப்பில்லாத முளைப்பயறு, வெறும் வெள்ளரிக்காய். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். இவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். 'எவ்வளவு பொறுப்பான மனுஷர்!' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கையை விட்டால், எண்ணெய் ஊறிய காகிதத் துண்டு! "என்னங்க இது?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "ஆபீஸ் பக்கத்துக் கடையில ரெண்டு போண்டா... வீட்டுக்கு வந்தா ஒண்ணுமே சாப்பிடாத மாதிரி இருக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் என் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண்ணு, உங்க மாமாவுக்கும் டாக்டர் சொன்னப்போ நானும் இப்படித்தான் ஒரேயடியா நிறுத்தினேன். அவரு வெளியில சாப்பிட்டுட்டு வந்தாரு. எனக்குத் தெரியவே இல்ல. தெரிஞ்சப்போ நேரமாயிடுச்சு. நிறுத்தாத. வீட்டுலயே செஞ்சு குடு. ஆனா வேற மாதிரி செஞ்சு குடு."

அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரை.

எண்ணெய் எங்கே போகிறது?

முதலில் ஒரு கணக்குப் பார்த்தேன். 400 மில்லி எண்ணெயை அளந்து ஊற்றி 20 பருப்பு வடை பொரித்தேன். ஆறியபின் வடிகட்டி அளந்தால் 300 மில்லிதான் இருந்தது. ஆக, ஒரு வடைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெய்! ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி. நாலு வடை சாப்பிட்டால் எண்ணெயிலிருந்து மட்டும் 160. பருப்பின் கணக்கு தனி.

மாவில் இருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாக வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்கிறது. சட்டியிலிருந்து எடுத்து ஆறும் நேரத்தில் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயும் உள்ளே இழுக்கப்படுகிறது. மாவு தளரத் தளர, எண்ணெய் காயாமல் இருந்தால், சோடா உப்பு அதிகமானால், குடிக்கிற எண்ணெயும் அதிகம். ஆகவே பொரிக்கிற நாளிலும் மாவைக் கெட்டியாக வையுங்கள், எண்ணெய் நன்றாகக் காயட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், எடுத்ததும் கம்பி வலையில் வடிய விடுங்கள். செய்தித்தாளில் மட்டும் வைக்காதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும்.

பணியாரச் சட்டி இருக்கப் பயம் ஏன்?

வேற மாதிரி என்றால் எப்படி? முதல் முயற்சியாக வடையை அவனில் வைத்தேன். வெளியே வந்தது வடையல்ல, கருங்கல்! என் சின்ன மகன் அதைத் தரையில் உருட்டிக் கோலி விளையாடினான். அப்போதுதான் அலமாரி மூலையில் இருந்த குழிப்பணியாரச் சட்டி கண்ணில் பட்டது.

பருப்பு வடைக்கு: கடலைப்பருப்பு ஒரு டம்ளர் எடுத்து 2 மணி நேரம் ஊறவைத்துக் கால் மணி நேரம் வடிய விடுங்கள். இரண்டு கரண்டி பருப்பை முழுசாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியை வரமிளகாய் 3, பூண்டு 4 பல், சோம்பு ஒரு தேக்கரண்டி சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். எடுத்து வைத்த பருப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, அளவாக உப்பு போட்டுப் பிசையுங்கள். சட்டி நன்றாகக் காய்ந்ததும் குழிக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக எண்ணெய் விட்டு, சின்ன உருண்டையை வைத்து லேசாக அழுத்துங்கள். மூடி போட்டுச் சிறு தீயில் 4 நிமிடம். திருப்பிப் போட்டபின் மூடி வேண்டாம். மூடினால் மொறுமொறுப்பு போய்விடும்.

இப்படி 21 வடைக்கு எனக்குச் செலவான எண்ணெய் 25 மில்லி. முன்பு 100! கவனிக்க வேண்டியது ஒன்றே: உருண்டை பெரிசானால் உள்ளே வேகாது.

உளுந்து மாவையும் இதே சட்டியில் ஊற்றலாம். சூடாக இருக்கும்போதே வெந்நீரில் 2 நிமிடம் போட்டுப் பிழிந்து தயிரில் ஊறவைத்தால், எண்ணெயில் பொரித்த வடை இல்லை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ரசவடைக்கும் இதே வழிதான்.

பஜ்ஜி விஷயத்தில் மட்டும் பொய் சொல்லமாட்டேன். பொரிக்காத பஜ்ஜி பஜ்ஜியே அல்ல! ஆனால் வாழைக்காயையோ கத்தரிக்காயையோ வட்டமாக அரிந்து, மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம் கலந்த கடலை மாவைத் தெளித்துப் பிசறி, தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் இருபுறமும் சிவக்க விடுங்கள். பஜ்ஜிக்குத் தங்கச்சி போல இருக்கும். அசல் பஜ்ஜி எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை, மழை நாளில்!

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் கட்லெட், உருளைக்கிழங்குத் துண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். தளர்ந்த மாவில் தோய்த்தது அதில் வழிந்துவிடும். இதற்காகவே புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை.

நொறுக்கலைத் தலைகீழாக்கினேன்

எங்கள் ஊர் நொறுக்கலில் தட்டுவடையை நொறுக்கி, துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி எல்லாம் போட்டுக் கலந்து தருவார்கள். நான் கணக்கை மாற்றினேன். காரட், பீட்ரூட், வெள்ளரி, வெங்காயம், கொத்தமல்லி நிறைய. பூண்டு மிளகாய்ச் சட்னி ஒரு கரண்டி, புதினாச் சட்னி ஒரு கரண்டி. எலுமிச்சம்பழம் அரை மூடி. சாப்பிட உட்காரும்போது ஆளுக்கு ஒரே ஒரு தட்டுவடையை மேலே நொறுக்கிப் போடுவேன். பல்லுக்கு மொறுமொறுப்பு கிடைக்கிறது, நாக்குக்குக் காரம் கிடைக்கிறது. "சாலட் சாப்பிடு" என்றால் ஓடுகிற பிள்ளைகள் "நொறுக்கல்" என்றால் தட்டை நீட்டுகிறார்கள்!

செட் சாப்பிட ஆசையா? தட்டுவடைக்குப் பதில் வட்டமாக அரிந்த வெள்ளரிக்காய். நடுவில் சட்னியும் காய்த்துருவலும் வைத்து மூடிக் கொடுங்கள்.

கோசுமல்லியை ராமநவமிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோமே, ஏன்? பாசிப்பருப்பு கால் டம்ளரை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துருவிய காரட், வெள்ளரி, பொடியாக நறுக்கிய மாங்காய், ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல் சேர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளியுங்கள். உப்பைப் பரிமாறும்போதுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டு, எல்லாம் சதசதவென்று ஆகிவிடும். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு தெரியாது. இது எல்லாச் சாலட்டுக்கும் பொருந்தும் ரகசியம்.

சுண்டலுக்கும் இதே. கொண்டைக்கடலையோ பட்டாணியோ இரவே ஊறவைத்து வேகவைத்து, அடுப்பை அணைத்தபின் மாங்காயும் எலுமிச்சைச்சாறும் சேருங்கள். அந்த வைட்டமின் சி, பயறிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

டப்பாவில் நிரப்பி வைக்க

எதிர்பாராத விருந்தாளிக்கு மிக்ஸர் வேண்டுமே! மெல்லிய அவல் 2 டம்ளர் எடுத்து வெறும் வாணலியில் சிறு தீயில் மொறுமொறுவென்று வறுத்துக்கொள்ளுங்கள். தனியே 2 தேக்கரண்டி எண்ணெயில் நிலக்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை, பூண்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டு வறுத்து, அவலையும் உப்பையும் சேர்த்துப் புரட்டுங்கள். ஆறியதும் டப்பாவில் போட்டால் ஒரு வாரம் இருக்கும். கெட்டி அவல் கூடாது, பல்லைப் பதம் பார்த்துவிடும்.

என் மாமியார் கைவசம் இன்னொரு வித்தை உண்டு. அரிசி மாவைக் கிளறி, சின்னச் சின்ன உருண்டையாக்கி ஆவியில் வைத்து, கடுகு, இட்லிப் பொடி போட்டுத் தாளிப்பார். அம்மிணிக் கொழுக்கட்டை! ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். "அந்தக் காலத்துல தீபாவளிக்கும் நோம்பிக்கும்தான் கண்ணு எண்ணெய்ச் சட்டி. மத்த நாளெல்லாம் ஆவிதான்" என்பார்.

இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

* பெரியவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கிறோம் என்று கைக்குழந்தைக்கும் குறைத்துவிடாதீர்கள். 2 வயது வரை வளரும் மூளைக்குக் கொழுப்பு வேண்டும். அவர்கள் சாதத்தில் நெய் இருக்கட்டும்.

* ஒரு வயது ஆகும்வரை குழந்தை உணவில் உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம்.

* 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மசித்தோ பொடித்தோ கொடுங்கள்.

* கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் பச்சை முளைப்பயறு சாப்பிட வேண்டாம். முளைகட்டும் ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் கிருமிகளும் வளரும். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

* பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எண்ணெயைக் குறைத்துவிட்டு ஊறுகாயும் அப்பளமும் வைத்தால் கணக்கு நேராகாது.

* சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டேன், இனிப்பு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். கலோரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சர்க்கரை நோயாளிக்கு வெல்லமும் சர்க்கரைதான்.

* பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. திரும்பத் திரும்பக் காய்கிற எண்ணெயில் கெடுதலான பொருள்கள் சேருகின்றன. இதற்காகவே 2018 ஜூலை முதல் உணவுக் கடைகளுக்கு அரசு ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். கொஞ்சமாக ஊற்றிப் பொரித்தால் மிச்சமே வராது.

இப்போது எங்கள் வீட்டில்

ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. கொழுப்பு இறங்கியிருந்தது. இதெல்லாம் என் பணியாரச் சட்டி செய்த மாயம் என்று சொல்லமாட்டேன். மாத்திரையும் உண்டு, காலையில் இருவருமாக நடக்கிற நடையும் உண்டு. டாக்டர் இன்னும் மாத்திரையை நிறுத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் சட்டைப் பையில் எண்ணெய்க் காகிதம் வருவது நின்றுவிட்டது. எனக்கு அதுவே பெரிய பரிசோதனை முடிவு!

சென்ற மாதம் மாமாவின் திதி. அன்று மட்டும் மாமியார் தன் கையால் எண்ணெய்ச் சட்டி வைத்து உளுந்து வடை சுட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இவர் இரண்டு வடை சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்து மாமியார் இலையில் வைக்கப் போனபோது, "போதும்மா. சாயங்காலம் நொறுக்கல் இருக்கு" என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நான் செய்யத் தெரியாம விட்டதை நீ செஞ்சுட்ட கண்ணு."

சகோதரிகளே, நம் வீட்டு ஆண்களையும் பிள்ளைகளையும் மிரட்டித் திருத்த முடியாது. மணக்க மணக்கச் செய்து போட்டுத்தான் திருத்த முடியும். இன்று மாலையே பணியாரச் சட்டியைத் தேடி எடுங்கள்!