கழனிக் கடன் - 11: திரூர் போட்ட ஜாமீன்

2006 கூட்டுறவுக் கடன் தள்ளுபடியோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் 2021 தள்ளுபடி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் திரூர் குறுக்கே வந்துவிட்டது, விட மனமில்லை.

ஆவடியில் திருவள்ளூர் ரயில் ஏறினால் திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டி செவ்வாப்பேட்டை ரோடு. அதற்குப் பக்கம்தான் திரூர். நெல் ஆராய்ச்சி நிலையத்தை வைத்துப் பலருக்குத் தெரிந்த ஊர். நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் பதிவானது இங்கேதான். சட்டமே அந்த ஆண்டு மார்ச்சில்தான் வந்தது! அதற்கு முன்பே சென்னை மாகாண அரசுக்காக ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதி அறிக்கை கொடுத்திருந்தார் பிரெடரிக் நிக்கல்சன். ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திக்காட்டிய முறையில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த முறையின் உயிர், வரம்பில்லாப் பொறுப்பு. ஒருவர் கட்டாமல் சங்கம் நொடித்தால் மற்ற உறுப்பினர்களின் சொத்தும் பதில் சொல்லியாக வேண்டும். வாங்கிய பணம் விதைக்குப் போகிறதா, கல்யாணத்துக்குப் போகிறதா என்று பக்கத்து வயல்காரரே பார்ப்பார். 1912 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. இப்படிப்பட்ட சங்கம் பதிவாளர் அனுமதி இல்லாமல் அசையும் பொருளை ஈடாகப் பெற்றுக் கடன் தரக்கூடாது. நகையும் அதில் அடக்கம். இன்றைக்கு நகைக்கடன் இல்லாத சங்கத்தை நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஆளை நம்பிக் கொடுத்த இடத்தில் இப்போது தராசு இருக்கிறது.

தராசு வந்தும் கடன் நிலுவையாகத்தான் செய்கிறது. அதற்கு மழையை மட்டும் காரணம் சொல்லிப் பயனில்லை. பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் பிளாட் போடக் காத்திருக்கும் நிலத்தில் உழுகிறவர் ஒருவர், சிட்டா இன்னொருவர் பெயரில். பயிர்க்கடன் சிட்டாவைப் பார்த்துத்தான் வரும், உழாதவர் கைக்கு. உழுகிறவருக்குக் கந்துவட்டிதான் கதி.

கடன் கிடைத்தவர் பாடும் லேசானதல்ல. கெடு தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை, தவறினால் உண்டு. அறுவடைப் பணம் கைக்கு வருவதற்குள் கெடு வந்துவிடும். கெடு நாளன்று காலையில் வெளியே கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டுவார். ரசீது போட்டு, புதுக்கடன் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பணம் நேராகக் கைமாற்று கொடுத்தவரிடம் போகும், ஒரு நாள் வட்டியும் சேர்த்து. ஏட்டில் அவர் ஒழுங்காகக் கட்டுபவர். வீட்டில் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்படிச் சில வருடம் ஓடியபின் ஒரு போகம் பொய்த்தால் நோட்டீஸ் வருகிறது. அன்றைக்குத்தான் அவரை 'தவணை தவறியவர்' என்கிறோம். எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

இது அவரோடு முடிவதில்லை. சங்கம் மாவட்ட மத்திய வங்கியில் கடன் வாங்கித்தான் ஊருக்குக் கொடுக்கிறது. வசூல் படுத்தால் மேலிருந்து வரும் பணம் சுருங்கும். அடுத்த பருவத்தில், ஒழுங்காகக் கட்டியவரும் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புவார்.

2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி, பிறகு 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி. முந்தின மாதமே கடனைக் கட்டி முடித்தவருக்கு அதில் என்ன கிடைத்தது? அடுத்த வாரம் அங்கிருந்து.

(தொடரும்)