மக்கள் படகும் அதன் பிள்ளைகளும்



நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாகக் கூறுவது தொல்காப்பியம். அந்தப் பெயரைத் தாங்கிய சிறு பாய்ப்படகு ஒன்று 1985இல் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, இலங்கைக் கரையிலும் தரித்து, 1987இல் உலகைச் சுற்றி முடித்தது. ‘வருணா’வைச் செலுத்தியவர் டானியா ஏபி. புறப்படும்போது அவருக்கு வயது 18. அவரது பயண நூலை வாசித்தவர் அந்தப் படகின் படத்தைப் பார்த்து, ‘இது ஃபோக்போட்’ என்று சொல்லிவிடக்கூடும். அது முழுத் தவறுமன்று, சரியுமன்று.

ஃபோக்போட் என்றால் மக்கள் படகு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941ஆம் ஆண்டில், சாதாரண குடும்பமும் வாங்கத்தக்க படகொன்றுக்காக ஸ்கண்டிநேவிய நாடுகளின் பாய்ப்படகுச் சங்கம் ஒரு போட்டி வைத்தது. முதற்பரிசுக்குரியதென எந்த வரைபடமும் தேறவில்லை. நல்ல அம்சங்களைப் பல வரைபடங்களிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தார்கள். இறுதி வரைபடத்தைத் தீட்டியவர் சுவீடனைச் சேர்ந்த டோர்ட் சுண்டேன். முதற்படகு 1942இல் நீரில் இறங்கியது.

இதன் பிள்ளைகள் பல. 1960களின் நடுப்பகுதியில் டேவிட் சாட்லர் வரைய, இங்கிலாந்தின் லிமிங்டனில் ஜெரமி ரோஜர்ஸ் கட்டியது கொண்டெஸா 26. ‘வருணா’ இந்த இனத்தது. 1967இல் சுண்டேனே மீண்டும் வரைந்தது ஐ.எஃப். படகு.

அளவுநாடா இங்கே உதவாது. தாயும் பிள்ளைகளும் ஏறக்குறைய 25, 26 அடிக்குள் அடங்குபவை. மூன்றுக்கும் நீண்ட ஏராவே அடியில். சாய்ந்த பின்பலகையின் வெளியே தொங்கும் சுக்கானே மூன்றுக்கும். பாயிலுள்ள ‘எஃப்’ எழுத்தைப் பார்த்தாற் போதாதா எனலாம். பாய் கிழியும், மாறும், இரவலும் வரும். பாயை நம்பி இனம் சொல்வது, சட்டையைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது போலத்தான்!

முதலில் பார்க்கவேண்டியது பாய்மரத்தை. முன்பாயைத் தாங்கும் கம்பி மரத்தின் உச்சிவரை போனால் அது கொண்டெஸா 26 ஆகலாம். உச்சிக்குக் கீழேயே நின்றுவிட்டால் ஃபோக்போட், அல்லது ஐ.எஃப்.

அடுத்து உடல். பழைய ஃபோக்போட்டின் பலகைகள், கூரையில் ஓடு ஏறியிருப்பதுபோல, ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஐ.எஃப்., கொண்டெஸா இரண்டும் பைபர் கிளாஸ், உடல் வழுவழுப்பானது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. 1970களில் ஃபோக்போட்டையும் பைபர் கிளாஸில் வார்க்கத் தொடங்கினார்கள். பழைய பலகைப் படிகளை அச்சிலேயே வைத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து மரப்படகுதான். உள்ளே இறங்கி, விலாக்கட்டைகளும் செப்பாணிகளும் இருக்கின்றனவா என்று பார்த்தாற்றான் உண்மை தெரியும். மறுபுறத்தில், பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வழுவழுப்பாகக் கட்டிய மர ஃபோக்போட்டுகளும் உண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. கொண்டெஸாவில் இருந்து சுக்கான் பிடிக்கும் குழியில் அலை விழுந்தால், நீர் தானாகவே குழாய் வழியே கடலுக்கு வடிந்துவிடும். பழைய ஃபோக்போட்டில் அந்த வசதி இல்லை. விழுந்த நீர் படகின் வயிற்றுக்குள்ளேதான் இறங்கும். கரையோரத்தில் இறைத்துக் கொட்டலாம். நடுக்கடலில் பேரலை அடுத்தடுத்து விழுந்தால்? ஒன்றை மற்றொன்றென நம்பி வாங்கிச் சமுத்திரம் கடக்கப் போகிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பழைய மரப்படகில் ஏராவின் இரும்பைப் பிடித்திருக்கும் ஆணிகள் துருவேறியுள்ளனவா என்பதும் பார்க்கவேண்டியதே.

இந்தக் குழியின் ஆபத்தை நன்கு உணர்ந்தவர் பிரித்தானியரான பிளொண்டி ஹாஸ்லர். தமது ‘ஜெஸ்டர்’ என்ற ஃபோக்போட்டில் குழியையே மூடித் தளமிட்டு, உள்ளிருந்தபடியே படகைச் செலுத்த ஒரு வட்டத் துவாரம் வைத்தார். சீனப் பாய் ஒன்றையும் ஏற்றினார். 1960இல் தனியொருவராக அத்திலாந்திக்கைக் கடக்கும் முதற்போட்டியில் 48 நாளில் இரண்டாவதாக வந்தது அந்தப் படகு. தாயின் முகச்சாடையே தெரியாத பிள்ளை! 1988இல் ‘ஜெஸ்டர்’ அத்திலாந்திக்கிற் கைவிடப்பட்டது. அதே பெயரில், அதே சாயலில் கட்டிய இன்னொன்று 1992இல் நீரில் இறங்கியது. ஆகவே ‘ஜெஸ்டர்’ படம் எதைக் கண்டாலும், அது எடுக்கப்பட்ட ஆண்டை முதலில் பாருங்கள்.